அருவிப் படத்துப் பெண்

நீங்கள் மூவரும், கல்லூரியின் பழைய படங்களைக் காக்கும் என் பழைய வேலையில் சேர்ந்த வாரமே என்னைப் பார்க்க வந்தீர்கள். பூஞ்சை பிடித்த வீடியோ நாடாவை எப்படித் துடைப்பது, ஒட்டிக்கொண்ட நாடாவை அறுந்துபோகாமல் எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் கேட்டீர்கள். அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். கிளம்பும்போது உங்களில் ஒருவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த அருவிப் படத்துக்கு மட்டும் ஏன் மேடம் இம்புட்டு நீளமா குறிப்பு எழுதி வச்சிருக்கீங்க? படமே ஒரு பாட்டு நேரந்தான ஓடுது?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் எனக்கே கொஞ்சம் தெளியுமா என்றும் பார்க்கிறேன்.

நம் கல்லூரி தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருப்பதால் அந்தக் காலத்தில் விளம்பரத்துக்கு ஒரு வசதி இருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் குளிக்க வருவார்கள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பந்தல் போட்டு, டிவி பெட்டி வைத்து, ஓவியமும் மண்பாண்டமும் நெசவும் படிக்க வாருங்கள் என்று படம் போட்டுக் காட்டுவார்களாம். ஜனங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே நின்று பார்ப்பார்களாம். அப்படி எடுத்த படங்களும் அவற்றுக்காக மாணவர்கள் பாடிய, வாசித்த பாட்டுகளும்தான் உங்கள் அறையின் இரும்பு அலமாரியில் இருப்பவை. நான் வேலைக்கு வந்த காலத்தில் பந்தல் போடுவது நின்றுபோயிருந்தது. படம் எடுத்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். நாடாப் பெட்டியின் மேல் "சீசன்" என்று மட்டும் எழுதியிருக்கும். எந்தச் சீசன் என்று இருக்காது.

அருவிப் படம் என்று நான் பெயர் வைத்தது அப்படி ஒரு பெட்டியில் கிடைத்ததுதான். மஞ்சள் தாவணி கட்டிய ஒரு பெண் ஐந்தருவிப் பக்கம் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வரைபலகை. பின்னால் அருவி புகைபோல் விழுகிறது. அவள் பாடுகிறாள். "சாரலே கொஞ்சம் நில்லு, சாயம் இன்னும் காயவில்லை" என்று தொடங்குகிற பாட்டு. நடுவில் நூலைச் சாயத்தில் முக்கி எடுக்கும் கைகள், சக்கரத்தில் மண்ணை வளைக்கும் கைகள். கடைசியில் கல்லூரிக் கட்டடம். அவ்வளவுதான் படம். எழுதியது யார், பாடியது யார் என்று எதிலும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அதைக் கணினிக்கு மாற்றினேன். அலுவலகத்தில் அதை வாங்கி, "எங்கள் பழைய மாணவி பாடிய பாடல்" என்று கீழே ஒரு வரி போட்டு இணையத்தில் ஏற்றினார்கள். நம் ஊர்ப் பாட்டு, நம் ஊர் அருவி என்று தென்காசி வட்டாரம் முழுக்கச் செல்போன்களில் சுற்றியது. அதிலிருந்துதான் ஆரம்பம்.

அச்சன்புதூரிலிருந்து கோமதியம்மாள் என்று ஒரு வயதான அம்மா ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். கூடவே மகன் முருகையா. நெல் விவசாயக் குடும்பம். முருகையா ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது தென்காசியில் ஒரு வங்கியில் காவலுக்கு இருப்பவர். அந்த அம்மா என் அறைக்குள் நுழைந்ததும் உட்காரவில்லை.

"எம்புள்ள பாட்டு ஒங்ககிட்ட இருக்காம்லா? போனுல சரியா கேக்கல. பெரிய பொட்டியில போட்டுக் காட்டுங்க."

போட்டேன். அவர் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முதல் வரி முடிவதற்குள் விரலை நீட்டித் திரையைத் தொட்டார்.

"இன்னா இருக்கா. எம்புள்ள வடிவு இன்னா இருக்கா. அந்தத் தாவணி நான் எடுத்துக் குடுத்ததுல்லா. கரை பிடிக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா."

வடிவு நம் கல்லூரியில் படித்தவள். இரண்டாம் வருடம் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அதை அந்த அம்மா வெகு சாதாரணமாகச் சொன்னார், பலமுறை சொல்லித் தேய்ந்த குரலில். பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நானும் போட்டேன். என் கண் கலங்கியதை மறைக்க ஒயர்களைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். முருகையா மட்டும் திரைக்குப் பக்கத்தில் வராமல் சுவரோரமே நின்றார்.

அம்மாவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு அவர் திரும்பி வந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. அது எங்க அக்கா இல்ல."

எனக்குப் புரியவில்லை. "எது?"

"படத்துல இருக்கது. அது வேற பிள்ள." செல்போனில், வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைக் காட்டினார். அகன்ற நெற்றி, சின்னக் கண்கள். பாறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு நீண்ட முகம். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே ஆள் என்று சொல்ல முடியாது.

"அப்பம் பாட்டு?"

"பாட்டு அவதான். அதுல சந்தேகமே கிடையாது. ‘நில்லு’ன்னு முடிக்கும்போது ஒரு இழுப்பு இழுக்கால்லா, அது அவ இழுப்பு. எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தரும்போதும் அப்பிடித்தான் இழுப்பா."

"தாவணி?"

"அதான் மேடம் எனக்கும் ஓடல. தாவணியும் அவளோடதுதான். மொகம் மட்டும் வேற ஆளு." தலையைச் சொறிந்தார். "அம்மாவுக்குக் கண்ணுல புரை எடுத்தும் ஒரு கண்ணு சரியா தெரியாது. அவகிட்ட சொல்லிறாதீங்க. அக்கா குரலு எங்க வீட்ல எதுலயும் கிடையாது. இத்தன வருஷத்துக்குப் பெறவு இன்னைக்குத்தான் கேக்கா."

அன்றைக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு வேறு நினைப்பில்லை. குரல் அவளுடையது, உடுப்பு அவளுடையது, முகம் அவளுடையது இல்லை. அலங்காரம் செய்து முகத்தை மாற்றிவிட்டார்களா? தம்பிக்கு மறந்துபோயிருக்குமா? மாலை போட்ட அந்தப் படம்தான் வேறு யாருடையதாவது இருக்குமா என்றுகூட ஒரு கிறுக்குத்தனமான எண்ணம் வந்தது. பெற்றவள் ஒன்று சொல்கிறாள், கூடப் பிறந்தவன் ஒன்று சொல்கிறான். இருவரையும் நம்பத் தோன்றியது.

அந்த வாரத்தில் ஒருநாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் என் திரை அணைந்துபோய்ப் பாட்டு மட்டும் ஓடியது. நிறுத்தக் கை போனது. அப்படியே விட்டுவிட்டேன். படத்தோடு சேர்த்துப் பார்த்தபோதெல்லாம் அருவிச் சத்தம் கேட்டதாகத்தான் எனக்கு நினைப்பு. திரை இல்லாமல் கேட்டால் அருவியே இல்லை. பாட்டுக்குப் பின்னால் மின்விசிறி ஒன்று சுற்றுகிற சத்தம் இருந்தது. குரல் கூரையில் மோதித் திரும்புகிற மாதிரி லேசான எதிரொலியும் இருந்தது. பாட்டு ஏதோ ஒரு அறைக்குள் பதிவானது. மறுநாள் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண்ணின் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒழுங்காகத் திறந்து மூடின. பாட்டை நன்றாகத் தெரிந்த ஒருத்தி. அப்படியானால் தோழியா? வகுப்பில் படித்தவளா? இதையாவது உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: எந்தப் படத்தையும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை காதைப் பொத்திக்கொண்டும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வரும்போது ஒன்றுக்காக மற்றொன்று பொய் சொல்லும்.

அந்தக் காலத்தில் பாடம் நடத்திய ஓவிய ஆசிரியர் ஒருவர் தென்காசியில் ஓய்வாக இருந்தார். அவருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அது வடிவேதாம்மா. நான் பாடம் எடுத்த பிள்ள, எனக்குத் தெரியாதா?" என்றார். வடிவின் புகைப்படத்தை அனுப்பினேன். "ஆமா, இதுதான் வடிவு. அப்போ பாறையில இருக்கது அவகூடப் படிச்ச பாக்கியம்" என்றார். மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டு, "பாக்கியம் கண்ணாடில்லா போட்டிருப்பா. அப்போ இது யாரு?" என்று என்னையே கேட்டார். மூன்று தடவையும் அவர் குரலில் உறுதி குறையவில்லை. நல்ல மனிதர். உறுதியாகப் பேசுகிறவர்களிடம் நாம் எவ்வளவு சீக்கிரம் பேனாவை எடுத்துவிடுகிறோம் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வடிவு என்று நான் எழுதி, அடித்து, பாக்கியம் என்று எழுதி, அதையும் அடித்திருந்தேன்.

இதற்குள் கல்லூரி முதல்வருக்கு விஷயம் போய்விட்டது. அவருக்குத் தெரிந்தது பாதிதான்: இறந்துபோன மகளை அம்மா படத்தில் கண்டுகொண்டார் என்ற பாதி. ஆண்டு விழாவில் அந்தப் படத்தைத் திரையிட்டு, கோமதியம்மாளை மேடையேற்றிச் சால்வை போடலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டார். நான் போய் மீதியைச் சொன்னேன்.

"மேடம், முகம் யாரா இருந்தா என்ன? பாடினது அந்தப் பொண்ணுதானே? அந்த அம்மாவுக்கும் சந்தோஷம். இதுல யாருக்கு என்ன கெடுதல், சொல்லுங்க."

கெடுதல் யாருக்கும் இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. ஆனாலும் மேடையில் ஒலிபெருக்கி வைத்து, "இதோ உங்கள் மகள்" என்று நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் வேறொரு பெண்ணின் முகத்தைக் காட்டப்போகிறோம் என்று நினைத்தால் சரி என்று தலையாட்ட முடியவில்லை. அவர் இரக்கமில்லாதவர் இல்லை. நானும் நேர்மையின் சிகரம் இல்லை. இரண்டு பேரும் ஒரே குழப்பத்தில் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம்.

விழா நாள் காலையில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. அரங்கில் ஒலி சரிபார்த்துவிட்டு என் அறைக்கு வந்தால் வாசலில் ஒரு அம்மா நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பை நிறைய மங்குஸ்தான்.

"படத்துக்கு இங்கன யாரு பொறுப்பு?"

"நான்தான்."

"எம்பேரு இசக்கி. அஞ்சருவியில பழக்கட வச்சிருக்கேன். எங்க மருமவ போனுல காட்டி, ‘அத்தே, இது நீங்கதான’ங்கா. பாத்தா நான்தான்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். காலம் சதை போட்டிருந்தது, முடி நரைத்திருந்தது. அந்த நீண்ட முகவாய் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"நான் பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவ. கீழ மாணவின்னு போட்டிருக்கீங்களாம். கடைக்கு வாரவன் போறவன்லாம் ‘காலேஜ் அக்கா’ன்னு கேலி பண்ணுதான். அத மொதல்ல எடுங்க" என்றார். கோபமாகச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"நீங்க எப்படிப் படத்துல வந்தீங்க?"

"அன்னைக்குப் பாடுத பிள்ளதான் பாறையில உக்காரணும். சாரல் மூஞ்சியில அடிக்க அடிக்க அவளுக்குச் சிரிப்பு. கேமராக்காரரு மலையாளத்துக்காரரு. அவரு ரெடிம்பாரு, இவ சிரிச்சிருவா. திரும்ப ரெடிம்பாரு, திரும்பச் சிரிப்பா. நான் கடையில நின்னு வேடிக்க பாத்துட்டு இருந்தேன். அவளே வந்து என் கையப் பிடிச்சா. ‘ஏட்டி, நீ சிரிக்காம இருப்பியா?’ன்னா. இருப்பேன்னேன். கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி அவ தாவணியக் கழத்தி எனக்குக் கட்டி விட்டா. என்னோடத அவ கட்டிக்கிட்டா. கேமராவுக்குப் பின்னால நின்னு அவ பாடுவா, நான் அவ வாயப் பாத்துப் பாத்து வாயசைக்கணும். எத்தன தடவ! எனக்குப் பாட்டே மனப்பாடம் ஆயிட்டு. கடைசியில அவரு ‘கொள்ளாம், கொள்ளாம்’னாரு. நல்லா இருக்குன்னு அர்த்தமாம்."

அவ்வளவு நாளாக என் மண்டைக்குள் முட்டிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அம்மா சொன்னதும் சரி, தம்பி சொன்னதும் சரி. பாட்டைப் பிறகு கல்லூரியில் ஏதோ ஒரு அறையில் பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். எனக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. அப்போது இசக்கி கேட்டார்:

"விழாவுக்கு அந்தப் பிள்ள வருதாளா? அவளப் பாக்கணும்னுதான் சீசன் நேரத்துல கடைய அடைச்சிட்டு வந்தேன்."

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் அவ படிச்சி பெரிய ஆளா எங்கயோ இருக்கான்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

கோமதியம்மாள் வருகிற நேரமாகிவிட்டது. முதல்வர் சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போயிருந்தார். இசக்கியிடம், "போய்ட்டு வாங்க, மாணவின்னு இருக்கிறத எடுத்துருதோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொன்னால் போயும் இருப்பார். அந்த அம்மா தன் மகள் என்று நினைத்த முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பார். முருகையாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டார். என் முன்னால் இரண்டு வழியும் திறந்து கிடந்தன, இரண்டிலும் யாராவது ஒருவர் அழப்போகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெளிவாக இருந்தது. நெருக்கடியில் மனது தெளிவாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை. என்னைத் தள்ளியது ஒரு சின்ன விஷயம்தான். வடிவோடு ஒரு பகல் முழுக்க இருந்த ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அந்த ஒரு பகல் வடிவின் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைத் திருப்பி அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

ஆட்டோ வந்ததும் முருகையாவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்லா மேடம்?"

"அந்தம்மாவே வந்துட்டாங்க. கூட்டத்துல யாராவது அடையாளம் கண்டு, மேடையில வச்சுத் தெரிஞ்சா இன்னும் மோசம்."

அவர் பதில் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது.

கோமதியம்மாளை என் அறையில் உட்காரவைத்து, பூசி மெழுகாமல் சொன்னேன். பாடுவது வடிவு, தாவணி வடிவுடையது, பாறையில் இருப்பது இந்த இசக்கி. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"பெத்தவ எனக்குத் தெரியாதா, ஒனக்குத் தெரியுமா?"

"எம்மா..." என்றார் முருகையா.

"நீ சும்மா இருலே."

இசக்கி நாற்காலியை விட்டு இறங்கி, அந்த அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். யாரையும் கேட்காமல், என்னிடம் சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். சாரல், சிரிப்பு, தாவணி மாற்றியது, வாயைப் பார்த்து வாயசைத்தது எல்லாம். கோமதியம்மாள் முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இசக்கியைப் பார்த்தார்.

"சிரிச்சிட்டே இருந்தாளா?"

"ஆமா ஆச்சி. அவளால அடக்கவே முடியல."

"சிரிக்கக் கூடியவதான்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

"எங்க கடையில பலாச்சுள தின்னா. கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிட்டுன்னு அருவித் தண்ணியில கழுவுனா."

கோமதியம்மாளின் முகம் மாறியது. "பலாச்சுளையா? அவளுக்குப் பலாப்பழ வாடையே ஆகாதே. வீட்ல அறுத்தா வெளிய போயி உக்காந்துக்கிடுவா."

நானும் முருகையாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அம்மா சொல்வது உண்மை. அப்படியானால் இசக்கி பார்த்தது வடிவைத்தானா? பாடியவள் வேறு யாரோ ஒருத்தியா? இவ்வளவும் சொல்லி, ஒரு அம்மாவின் மனதைக் குலைத்து, கடைசியில் எல்லாமே தப்பா?

இசக்கி மட்டும் அசையவில்லை. "தின்னா ஆச்சி. நான்தான அரிஞ்சு குடுத்தேன். நல்லாருக்குட்டின்னு இன்னும் ஒண்ணு கேட்டு வாங்கித் தின்னா. நெத்தி அகலமா, கண்ணு இத்துனூண்டு, சிரிச்சா கண்ணே தெரியாது. அவ இல்லையா?"

கோமதியம்மாளின் வாயோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"அவதான்" என்றார். "எங்கிட்ட ஆகாதுன்னுட்டு, ஊரான் கடையில தின்னிருக்கா கழுத."

முருகையா வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

படத்தை ஒருமுறை போடச் சொன்னார் அந்த அம்மா. போட்டேன். பாறை, தாவணி, இசக்கியின் பழைய முகம். சாயத்தில் நூல் முக்கும் கைகள் வந்தபோது, "நிறுத்து" என்றார்.

"இது ஒன் கையா?"

"இல்ல ஆச்சி. எனக்குப் பலகைய மடியில வச்சாவ, அவ்வளவுதான். இதெல்லாம் அங்கன எடுக்கல."

கோமதியம்மாள் என் பக்கம் திரும்பினார். "அப்பம் இது எம்புள்ள கையா?"

அந்த நேரம் பார்த்து முதல்வரும் கதவருகே வந்து நின்றிருந்தார். என்ன நடக்கிறது என்று அரைகுறையாகப் புரிந்தவர், ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் கண்ணைக் காட்டினார். முருகையாவின் கண்ணும் அதையேதான் கேட்டது. திரையில் நின்றவை இளம் கைகள். வளையல் இல்லை. நகக்கண்களில் நீலச் சாயம். அந்த வருடம் படித்த எந்தப் பிள்ளையின் கைகளாகவும் இருக்கலாம். வடிவின் கைகளாகவும் இருக்கலாம். என் நாக்கு நுனியில் ‘ஆமாம்மா’ வந்து நின்றது. ஒரு சொல். அதைச் சொன்னால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பாரம் இறங்கியிருக்கும், எனக்கும்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார்.

இந்த வேலையில் உங்களை நெருக்குவது இயந்திரம் இல்லை, நேரமும் இல்லை. எதிரில் ஒருவர் ஆசையோடு ஒரு கேள்வி கேட்பார். பதில் உங்களுக்குத் தெரியாது, ஆனால் அவர் விரும்பும் பதில் எது என்று நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் என்ன செய்வது என்று விதி எழுத எனக்குத் தகுதி இல்லை. முகம் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, கை விஷயத்தில் பொய் சொன்னால் முதலில் சொன்னதையும் அவர் நம்ப முடியாமல் போகும் என்று ஒரு காரணம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்த நொடியில் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல்வரிடம் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு சின்னப் படத்துக்கு இத்தனை பேரா?" என்று நெற்றியைத் தேய்த்தார். அச்சடித்த அழைப்பிதழில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கவலைப்பட்டார். பிறகு அறிவிப்பு செய்கிற மாணவியை அவரே கூப்பிட்டு, புதிதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். பாடியவர் நம் மாணவி வடிவு. பாறையில் இருப்பவர் ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் இசக்கி. கைகள் யாருடையவை என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லலாம். அந்தப் பெண் கடைசி வரியை வாசித்தபோது அரங்கில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கோமதியம்மாள் மேடைக்கு வரவில்லை. "நான் கீழயே இருக்கேன். இவகூட" என்று இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். சால்வையை முதல்வர் இறங்கிவந்து போட்டார். நான் அரங்கின் ஓரத்தில் கணினியோடு இருந்ததால் இருவரையும் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன். அருவி விழுந்தது. "சாரலே கொஞ்சம் நில்லு" என்று வடிவின் குரல் அரங்கம் முழுக்க வந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கோமதியம்மாள் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்த இசக்கியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி திரையிலேயே கண்ணாக இருந்தார், தன்னை அறியாமல் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சொல் தப்பவில்லை. திரை வெளிச்சத்தில் அந்த உதடுகள் மூடித் திறப்பதை, பாட்டு முடிகிறவரை அந்த அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

படம் முடிந்தது. கைதட்டல். சிறப்பு விருந்தினர் எழுந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். அப்போது முன்வரிசையிலிருந்து கோமதியம்மாளின் குரல், அரங்கம் என்றெல்லாம் பார்க்காமல், வயல் வரப்பில் நின்று கூப்பிடுகிற மாதிரி, என்னைப் பார்த்து வந்தது.

"எம்மா, இன்னொரு தரம் போடு. இப்பம் கையப் பாக்கேன்."

முதல்வர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். விருந்தினர் பேச்சுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.